கேமராவுக்கு இந்தப் பக்கம்

நாவலுக்கு விமர்சனம் இருக்கிறது. சினிமாவுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. பறவைப் படத்துக்கு மட்டும் 'செம்ம' என்று ஒரு வார்த்தை, ஒரு தீ பொம்மை, அத்தோடு சரி. ஐஸ்லாந்தில் பஃபின், கோஸ்டா ரிக்காவில் குவெட்சால், பாப்புவா நியூகினியில் சொர்க்கப்பறவை என்று நாடு நாடாகப் போய் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது எனக்கு ஒரு சோர்வு வரும். பொறாமை என்றுதான் நினைத்திருந்தேன். பொறாமையும் உண்டு, மறைப்பானேன். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. எல்லாப் படத்திலும் பறவை ஒரே மாதிரி இருக்கிறது. பின்னணி பச்சையாகக் கரைந்து கிடக்க, ஒவ்வொரு இறகையும் எண்ணிவிடலாம். அது என்ன மரம், என்ன நேரம், எடுத்தவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார், யார் கூட்டிப்போனார், எதுவும் தெரியாது. நாடு மாறுகிறது, படம் மாறவில்லை.

இந்தச் சோர்வோடுதான் லோக் வான் தோவின் 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' புத்தகத்துக்கு வந்தேன். 1957இல் லண்டனில் வெளியானது. அதே ஆண்டுதான் அவருடைய கேத்தே-கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' பேய்ப்படத்தை வெளியிட்டது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் அதே ஆண்டுதான். கேத்தே தியேட்டர் முதலாளி என்றே நம் ஆட்களுக்கு அவரைத் தெரியும். பறவைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த புகைப்படக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பிப் போனபோது அவர் ஏறிய கப்பல் குண்டுவீச்சில் சிக்கியது. கடும் தீக்காயம். சில காலம் கண்ணே தெரியவில்லை. பிறகு இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. அவருடைய ஆய்வுப் பயணங்கள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர் லோக். 1964இல் தைவான் விமான விபத்தில் இறந்துபோனார்.

பார்வை போய்த் திரும்பி வந்த ஒருவர் பறவைகளைத் தேடிப் போனார் என்பதே ஒரு சிறுகதை போல இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் மயங்கிப் புத்தகத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அன்றைய கேமராக்கள் கனமானவை. அதிகத் தூரத்திலிருந்து எடுக்க முடியாது. பறவை நிச்சயம் திரும்பி வரும் இடம் கூடு. அதனால் கூட்டுக்குப் பக்கத்தில் மறைப்புக் கட்டி அதற்குள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். லோக்கும் அப்படித்தான். கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதை இன்று நாம் தவறு என்கிறோம். அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அவர் படத்தை மட்டும் நீட்டவில்லை, படம் வந்த பாட்டையும் எழுதினார். இன்றைய படங்களில் நான் தேடுவது அதைத்தான்.

தலைப்பில் இருக்கும் 'கம்பெனி'க்குக் கூட்டம், துணை என்று பொருள். தோட்டத்துக் குடும்பங்களில் கம்பெனி என்றால் வேறு. லோக்கின் அப்பா லோக் இயூ ஈயத்திலும் ரப்பரிலும் பெரும் சொத்து சேர்த்தவர். மலாயா ரப்பருக்குப் பின்னால் யாருடைய கைகள் இருந்தன என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அந்தப் பணம் பறவையியலுக்கு உதவியது, அது நல்ல காரியம். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கிறபோது, கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்ற கேள்வி எனக்கு வராமல் இருக்காது.

என் பாட்டி சிகாமட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும்போது இருட்டுக்குள்ளிருந்து 'டொக், டொக்' என்று விறகு பிளப்பதுபோல ஒரு சத்தம் வருமாம். 'கட்டை வெட்டுற குருவி' என்பார். "அது வாயை மூடிச்சின்னா விடிஞ்சிருச்சின்னு அர்த்தம்." அது பக்கிக் குருவி. பகலில் காய்ந்த சருகோடு சருகாகத் தரையில் படுத்திருக்கும், மிதிக்கப் போனால்தான் எழும். போன வருடம் அதன் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுவா? இம்புட்டுக்காணு இருந்துகிட்டா அந்தச் சத்தம் போட்டுச்சு?" நாற்பது வருடம் கேட்ட குரலுக்கு அன்றைக்குத்தான் உடம்பு கிடைத்தது.

பறவைப் படங்களைப் பற்றி நான் கடுமையாக எழுத நினைத்ததில் பாதியை அந்தக் கேள்வி அடித்துவிட்டது. படம் வீண் இல்லை. ஏற்கெனவே அந்தப் பறவையோடு வாழ்ந்த ஒருவரிடம் போய்ச் சேரும்போது அதற்கு வேறு மதிப்பு.

தமிழில் இதைப் புரிந்துவைத்திருந்தவர் என்று நான் நினைப்பது மா. கிருஷ்ணனை (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை பத்தி எழுதினார். கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார், பல பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிய கேமராவில். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூலின் பெயர் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தலைப்பிலேயே பறவை ஓசையாகத்தான் வருகிறது. கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்த பறவை, என் பாட்டியுடையதைப் போல. கிருஷ்ணனுக்கும் சலுகைகள் உண்டு. யானை மேலேறிக் காட்டுக்குள் போய்ப் படம் எடுக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் கண்டம் தாண்டிப் போனால்தான் அதிசயம் என்று அவர் நினைக்கவில்லை. காக்கையும் அணிலும் அவருக்கு எழுதத் தகுந்த விஷயங்கள்.

'அப்போ எல்லாரும் வீட்டு வாசல்லயே உட்கார்ந்து மைனாவை எடுக்கணுமா?' என்று நண்பன் கேட்டான். இல்லை. பயணம் தப்பில்லை. என் புகார் பயணத்தின் மேல் இல்லை, படத்திலிருந்து பயணம் துடைக்கப்படுவதன் மேல். சிகாமட் மாவட்டத்திலேயே பெக்கோக் வழியாக எண்டாவ்-ரொம்பின் காட்டின் செலாய் வாசலுக்குப் போகலாம். இருவாச்சியைத் தேடி வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்தக் காட்டை நன்றாக அறிந்தவர்கள் ஜக்குன் ஒராங் அஸ்லி மக்கள். ஆனால் எந்த மரம் காய்த்திருக்கிறது, பறவை எந்நேரம் வரும் என்று சொல்லிக்கொடுத்தவரின் பெயரைப் படத்தின் கீழே நான் பார்த்த ஞாபகமில்லை. லென்ஸின் எண் மட்டும் தவறாமல் இருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லா இடத்தையும் சொல்லிவிடவும் கூடாது. வைக்கோல் நிறத் தலை கொண்ட பாராவ்-பாராவ் என்ற சின்னான், பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அது இருக்கும் ஆற்றங்கரையை ஊருக்கு அறிவித்தால் அடுத்த வாரம் வலையோடு ஆள் வருவான். அங்கே இடத்தை மறைப்பது பொறுப்பு. ஆனால் 'இடத்தைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால்' என்று இரண்டு வரி எழுதலாமே. அந்த இரண்டு வரி போதும், படம் கோப்பையாக இல்லாமல் சாட்சியாக மாறிவிடும்.

நம் இதழ்கள் பறவைப் படங்களைக் கதைக்கு நடுவே இடம் நிரப்பப் போடுவதை நிறுத்திவிட்டு, எடுத்தவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருந்தாய், கூட யார் இருந்தார்கள், குரலைப் பதிவுசெய்து ஓடவிட்டுப் பறவையை வரவழைத்தாயா, புழு போட்டாயா, நீ வந்தபிறகு அது என்ன செய்தது? பதில் சொல்லத் தயங்குகிறவரின் படத்தைப் போட வேண்டாம். சொல்கிறவர் எடுத்தது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போடலாம். பாட்டிக்கு நான் காட்டிய படமும் அவ்வளவு துல்லியமானதில்லை.