நண்டு எந்தத் திணைக்கு உரியது?

கெடாவின் மூடாச் சமவெளியில் வயல் வரப்பிலும் நண்டு உண்டு. மெர்போக் ஆற்றுமுகத்து அலையாத்திச் சேற்றிலும் நண்டு உண்டு. தோட்டப்புறத்து மாணவர்க்கு இரண்டும் தொலைவல்ல. ஆயின், நெய்தல் நிலத்து விலங்கு யாது என வினவினால், முதலை, சுறா எனப் பட்டியலை ஒப்புவித்து அமைவர். நண்டுக்கு அங்கே இடமில்லை.

சங்கப் பாடலைப் பிரித்தவுடன் பட்டியல் தடுமாறுகின்றது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் நண்டுக்கென ஒரு பத்தே பாடினார். அது மருதத்தில் நிற்கின்றது. நெய்தலுக்கு எழுதிவைத்த முதலையும் அப்பத்தில் வருகின்றது. குறுந்தொகையில் அம்மூவனாரோ நண்டை நெய்தற் கரையில் ஓடவிடுகின்றார்.

இதனைத் திணை மயக்கம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குதல் பொருந்தாது. மருத நண்டு ஆம்பலை அறுக்கும். வித்திய முளையை வெட்டும். நெற்கதிரைக் கவர்ந்து அளை புகும். அச்சிறு கேடு தலைவனின் ஒழுக்கக் கேட்டையும் அதனால் எழும் ஊடலையும் குறிப்பால் உணர்த்துகின்றது. நெய்தல் நண்டோ புன்னை நிழலில் தலைவியின் விளையாட்டுத் துணை; அந்நாளிலேயே அவள் வளை நெகிழ்ந்து பசந்தாள் எனத் தோழி தலைவனிடம் கூறுகின்றாள். பெயர் ஒன்று, அயல் வேறு, ஆதலின் பொருளும் வேறு.

அயலின் ஆற்றலை உயிர்நூலும் மெய்ப்பித்துள்ளது. ஸ்காட்லாந்துக் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் ஓட்டுயிர்கள் இரண்டினைப் பற்றி ஜோசப் கானல் 1961இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சிறியது மேலேயும் பெரியது கீழேயும் பட்டை பட்டையாக வாழ்ந்தன. சிறியதன் இளவுயிர்கள் கீழேயும் வந்து ஒட்டின. விரைந்து வளரும் பெரியது அவற்றை நெருக்கிப் பெயர்த்தெறிந்தது. பெரியதை அகற்றிய இடத்தில் சிறியது கீழேயும் தழைத்தது. பெரியது மேலே பரவாமல் தடுத்தவை வெயிலும் வறட்சியும். ஆகவே, ஓர் உயிரின் எல்லையை நிலம் மட்டும் வகுப்பதில்லை. அண்டை உயிரும் வகுக்கின்றது.

தொல்காப்பியரும் நிலத்தைச் சிறைச்சாலையாக்கவில்லை. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தன்றிப் பிறிதொரு நிலத்தில் வரினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என விதி செய்தார். பட்டியலைக் கற்பித்து இவ்விதியை விட்டுவிடுதல், உடலைக் காட்டி உயிரை மறைப்பதாகும்.

நண்டு எந்தத் திணைக்கு உரியது என்பது முழுமையான வினாவன்று. இந்த நண்டு எங்கே, எவற்றோடு, என் செய்கின்றது என வினவுதல் வேண்டும். அவ்வினாவுடன் மாணவரை வரப்புக்கும் ஆற்றுமுகத்துக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர், கருப்பொருளைப் பட்டியலினின்று மீட்டவர் ஆவார்.