காலபோகக் கூட்டமும் வட்டியில்லாக் கடனும்

கும்பகோணத்தில் ஒரு கலியாணப் பந்தி. பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர். நான் கிளிநொச்சி என்று சொன்னதும் அவர் கேட்டார்: "உரத்தைத் தடை பண்ணி நாட்டையே பட்டினி போட்டீங்களே சார். உங்க ஊர் விவசாயிக்கு யாராவது கடன் குடுக்கிறாங்களா, ஏதாவது சொல்லிக் குடுக்கிறாங்களா?" அந்த வர்த்தமானி அறிவித்தலில் ஒப்பமிட்டவன் நான்தான் என்பதுபோல் இருந்தது அந்தப் "போட்டீங்களே". பாயசம் வந்துகொண்டிருந்தது. "எல்லாம் இருக்குது ஐயா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். கலியாண வீட்டில் அதற்கு மேல் பேச முடியாது.

முதலில் அந்த உரக் கதை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, கெட்டுவிட்டது. அடுத்த ஆண்டு, இலங்கையில் 63 இலட்சம் பேருக்கு உணவு நிச்சயமில்லை என்று ஐ.நா. உணவு அமைப்புகள் கணக்குச் சொல்லின. இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் உரமில்லாமல் பயிர் செய்வது எப்படி என்று வடக்குக் கமக்காரருக்கு எவரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 1990களில் வடக்கின் மீதிருந்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் யூரியாவும் ஒன்று. பூவரசங்குழை தாழ்த்தி, வயலில் ஆட்டுப்பட்டி அடைத்து, அந்தர்க் கணக்கில் போட்ட உரத்தைக் கிலோக் கணக்கில் போட்டுப் பிழைத்தவர்கள் நாங்கள். விளைச்சல் குறையும் என்பதும், எவ்வளவு குறையும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கொழும்பில் யாரும் கேட்கவில்லை. சிக்கிம் மாநிலம் 2003இல் தொடங்கி 2016இல்தான் தன்னை முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தது. எங்கள் அரசாங்கம் பதின்மூன்று வருட வேலையை ஒரு பருவத்தில் முடிக்கப் பார்த்தது. பிழை அரசாங்கத்தினுடையது, கமக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்பது அதிலிருந்து எப்படி வரும்?

கடன் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டாருக்கும் எங்களுக்கும் இதில் வேர் ஒன்றுதான். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் ஜெர்மனியின் ரைஃபைசன் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் சங்கம் தொடங்கிவிட்டது. இலங்கையில் 1906இலேயே சிக்கன கடனுதவிச் சங்கம் தோன்றியது, சட்டம் 1911இல். அவர்கள் இரண்டு வருடம் முந்தி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டுறவில் யாழ்ப்பாணம் சோடை போனதில்லை. மூளாயில் ஆஸ்பத்திரியையே கூட்டுறவில் நடத்தியவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் "சங்கத்துக்குப் போட்டு வாறன்" என்றால் சங்கக்கடைக்கு, மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும். தமிழ்நாட்டில் சங்கத்தைச் "சொசைட்டி" என்கிறார்கள். அங்கு போவது கடனுக்கும் உரத்துக்கும்.

அந்தச் சொசைட்டியில் கிடைக்கும் பயிர்க்கடனைப் பார்த்துப் பொறாமைப்படாத இலங்கைக் கமக்காரர் இருக்க முடியாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் குறுவைக்கோ சம்பாவுக்கோ கடன் எடுத்து, தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. ஏழு சதவீதத்தை மத்திய அரசும் மாநில அரசுமாகப் பங்குபோட்டு ஏற்றுக்கொள்கின்றன. எங்களிடம் இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் சலுகை வட்டிப் பயிர்க்கடன் உண்டு. 1986இல் வந்த புதிய விரிவான கிராமியக் கடன் திட்டமும் நடந்தது. ஆனால் பழைய கடனில் ஒரு தவணை பிந்தியவனுக்கு வாசல் அடைத்துவிடும். பெரும்பாலும் இரண்டு பிணைகாரர் வேண்டும், அதுவும் அரச உத்தியோகத்தர். கமக்காரன் தனக்குத் தெரிந்த வாத்தியார் வீட்டுப் படலையில் போய் நிற்பான். வாத்தியார் ஏற்கெனவே மூன்று பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பார். பிறகு உரக்கடைதான். உரக்கடைக்காரர் பிணை கேட்பதில்லை. அரிவு வெட்டி முடிந்த அன்றைக்கு, சூடு அடிக்கும் களத்துக்கே கொப்பியோடு வந்துவிடுவார்.

சரி, வட்டியில்லாக் கடன் வாங்குகிற தமிழ்நாட்டுக் கமக்காரர் சுகமாக இருக்கிறாரா? 2017இல் விவசாயச் சங்கக்காரர் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மாநிலத்தவர்கள்தான். 2006, 2016, 2021 என்று மூன்று தடவை கூட்டுறவுக் கடன் தள்ளுபடி செய்தார்கள். கடைசித் தடவை மட்டும் 16.43 இலட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். (எங்கள் மில்லியன் கணக்குக்கு மாற்றினால் பூச்சியங்களை எண்ணித் தலை சுற்றுகிறது.) கடன் மலிவாகக் கிடைத்தாலும், அதை எதில் போடுவது, எந்த நாளில் விதைப்பது, தண்ணீர் எதுவரை வரும் என்று தெரியாமல் வாங்கினால் அது கடைசியில் தள்ளுபடிக்குத்தான் போய் நிற்கும். ஒழுங்காகக் கட்டியவன் முட்டாளாகிவிட்டதாக ஒரு திருவாரூர்க்காரர் என்னிடம் சொன்னார். அவரோடு பேசிய அளவுதான் எனக்கு அந்த விஷயத்தில் அனுபவம். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

இனி எங்களுடையது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் உள்ள எவரைக் கேட்டாலும் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார். காலபோகத்துக்கு ஒரு கூட்டம், சிறுபோகத்துக்கு ஒரு கூட்டம். அரசாங்க அதிபர் தலைமை. ஒரு பக்கம் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், காப்புறுதிக்காரர், வங்கி முகாமையாளர். எதிரே கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், வாய்க்கால்வாரியாகப் பிரிந்து உட்கார்ந்த கமக்காரர்கள். சுவரோரம் நிற்பவர்களுக்குத்தான் குரல் அதிகம். பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்வார். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, நேற்று நான் போய்ப் பார்த்தனான், அரையடி குறைவு" என்பார். அங்கிருந்து சூடு பிடிக்கும்.

எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, கடன் விண்ணப்பத்துக்கும் காப்புறுதிக்கும் கடைசி நாள் எது — எல்லாம் அந்த ஒரு மண்டபத்தில் தீர்மானமாகும். அங்கே எடுத்த முடிவு சட்டப்படி எல்லோரையும் கட்டும். தண்ணீர் குறைவான சிறுபோகத்தில் இன்னும் அருமையான காரியம் ஒன்று நடக்கும். உள்ள தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று பார்த்து, அத்தனை ஏக்கரையும் குளத்தின் கீழுள்ள எல்லோருக்கும் பங்காகப் பிரிப்பார்கள். மேல்வாய்க்காலில் காணி உள்ளவன் தன் வயலில் இன்னொருவனுக்கு அந்தப் போகத்துக்கு இடம் விடுவான். சிங்களத்தில் இதற்குப் பெத்ம என்று பெயர். நாங்கள் பங்கு என்கிறோம். நான் பார்த்தவற்றில் பசிக்கு எதிரான ஆகப் பழைய காப்புறுதி இதுதான், பிரிமியம் கிடையாது.

காவிரி டெல்டாவில் இப்படி உண்டா என்று விசாரித்தேன். "கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்குமே" என்றார்கள். ஒரு தடவை வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கையில் மனுவோடு நிறையப் பேர் நின்றார்கள். குறை தீர்ப்பதற்கு வேறு கூட்டம், முடிவெடுப்பதற்கு வேறு கூட்டம் அல்லவா? நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று 2000இல் அங்கே சட்டமும் கொண்டுவந்தார்கள். ஆனால் 120 அடி மேட்டூர் அணையை எப்போது திறப்பது என்ற பேச்சு சென்னையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் நடக்கிறது. காவிரி மாநிலம் கடந்த ஆறு. இரணைமடு 36 அடிக் குளம். இரண்டையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமில்லை என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும்.

எங்கள் கூட்டத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் ஓட்டையை மறைக்கக் கூடாது. சிறுபோகப் பங்கு கிடைத்தும் விதைநெல்லுக்குக் காசில்லாமல் அந்தப் பங்கைப் பெரிய கைக்கு விட்டுவிட்டு, அதே வயலில் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போதனாசிரியர் நல்லவர்தான், ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளில் எத்தனை கிராமத்துக்குப் போவார்? 1989இல் கிராம மட்டத்திலிருந்த விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்களைக் கிராம சேவை அலுவலர்களாக்கிவிட்டார்கள். அன்றைக்கு விழுந்த பள்ளம் இன்னும் சரியாக நிரவப்படவில்லை. இந்தியாவில் வேளாண் அறிவியல் நிலையங்கள் ஏறக்குறைய மாவட்டந்தோறும் இருக்கின்றன. முதலாவது 1974இல் புதுச்சேரியில். அவர்களுடைய உதவி வேளாண்மை அலுவலரும் எங்கள் போதனாசிரியரைப் போலவே அலைகிறவர் என்றுதான் கேள்வி. ஆனால் இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் மாதிரி ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்த ஒருவர் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நுண்கடன் என்ற பெயரில் வடக்கில் நடந்ததைப் பற்றியும் பேசவேண்டும். போர் முடிந்த 2009க்குப் பிறகு கோழி வளர்க்க, தோட்டம் செய்ய என்று பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தார்கள். பயிற்சி என்று நடந்தது பெரும்பாலும் கையெழுத்து வைக்கும் பயிற்சிதான். மாதத்துக்கு ஒரு முறை காசு காணும் பெண்ணிடம் கிழமைக்கு ஒரு முறை தவணை கேட்டார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்கத் தாலிக்கொடி. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடனைத் தள்ளியது. வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. உச்சவரம்பே அவ்வளவு! தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் சேமித்து, பிறகு தங்களுக்குள் கடன் கொடுத்துப் பழகி, அதன் பிறகே வங்கிக்குப் போயின. இந்த வரிசையை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். எங்கள் சிக்கன கடனுதவிச் சங்கங்கள் அதே வரிசையைத்தான் நூறு வருடமாகச் சொல்லிவந்தன என்பது வேறு கதை.

இந்த அவர்கள்–நாங்கள் கணக்கு ஓரிடத்தில் எனக்கு உதைக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் எங்கள் வயல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. காந்தீயம் இயக்கம் பலரைக் குடியேற்றிப் பயிர் செய்யவும் பழக்கியது. காடு வெட்டி நிலம் திருத்தியவர்களில் பலருக்கு நெடுங்காலம் அனுமதிப்பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையென்றால் கமநலப் பதிவு இல்லை, உர மானியம் இல்லை, வங்கியும் இல்லை. அவர்களுடைய பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள். அங்கேயே இருந்திருந்தால் இவர்களுக்கும் சிட்டா, அடங்கல் என்று நிலப் பத்திரங்களுக்கு அலைந்தாவது சொசைட்டிக் கடன் கிடைத்திருக்குமோ? டெல்டாவிலும் வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு இதே கதிதான் என்கிறார்கள். நிலக்காரர் எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார். எங்கள் நிலக்காரர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு தொலைபேசியில் பயப்படுகிறார்.

கும்பகோணத்துப் பெரியவரிடம் நான் வாய் திறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது கடனும் அல்ல, பயிற்சியும் அல்ல. அறுவடைக்குப் பிந்திய மாதங்கள். வன்னியில் மாசி, பங்குனியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுக்கிறோம். ஈரநெல். றோட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே லொறி வந்துவிடும். நெல் சந்தைப்படுத்தல் சபை களஞ்சியத்தைத் திறப்பதற்குள் பாதி நெல் போய்விடும். உரக்கடைக் கடனை அடைக்க மலிவாக விற்றவன், ஐப்பசியில் கடையில் அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறான். நெல் விளைவித்த வீட்டில் பசி வருவது இப்படித்தான். தமிழ்நாட்டிலும் ஈரப்பதம், சாக்குத் தட்டுப்பாடு என்று நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மழையில் நனையும் நெல்லை நானே பார்த்தேன். ஆனால் நட்டப்பட்டவன் வீட்டிலும் ரேஷன் அரிசி உலை வைக்கிறது. 2011 முதல் விலையில்லாமலே. ஒரு காலத்தில் எங்களிடமும் கூப்பன் அரிசி இருந்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியதற்கு நாடே ஹர்த்தால் செய்தது. அந்தக் கூப்பனை 1979இல் முத்திரையாக்கி, பிறகு சமுர்த்தியாக்கி, இப்போது அஸ்வெசும என்கிறோம். பெயர் மாறியதோடு அரிசி காசாகிவிட்டது.

அவர்களிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துவரலாமென்றால் நான் வட்டியில்லாக் கடனைக் கேட்கமாட்டேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று கொடுக்கிறார்கள். நெல்லைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன்மேல் கடன் வாங்கலாம். விலை ஏறும்போது விற்றுக் கட்டலாம். இங்கே அடகு என்றால் நகைதான். நெல்லை அடகு வைக்கும் வழி ஊருக்கு வந்து சேரவில்லை. கமநல நிலையத்துக்கு ஒரு களஞ்சியமும், உரக்கடைக்காரரின் கொப்பியை அன்றைக்கே தீர்க்கும் அளவுக்கு முன்பணமும் போதும். மிச்சத்துக்கு மேலிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்த நாளில் விதைப்பது என்று அடிபிடிப்பட்டாவது ஒரு முடிவுக்கு வரும் அந்தக் கூட்டத்தில், எவ்வளவு நெல்லை எந்த மாதம் விற்பது என்பதையும் நிகழ்ச்சிநிரலில் கடைசி விடயமாகச் சேர்த்துவிடலாம்.