மாயாவியின் சட்டை எங்கே போனது?

மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர் வழியாகத் தெற்கே எழுபது கிலோமீட்டர் சொச்சம் போனால் சிவகாசி. 1972-இல் அங்கிருந்துதான் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. மூலம் பிரிட்டன். 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழுக்காகக் கென் பல்மர் எழுதி, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. பெட்டிக்கடையிலும் வாடகை நூல் நிலையத்திலும் அட்டை கிழியக் கிழியக் கைமாறி, இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கே வாசிப்பைப் பழக்கிய புத்தகம். அதே தலைமுறைதான் இன்று அதன் ஓட்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், காரணம் இருக்கிறது. ஆனால் பெரிய ஓட்டை இருக்கும் இடம் வேறு என்பது என் கட்சி.

கதை தெரிந்ததுதான். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டல் விபத்தில் வலது கையை இழக்கிறான், இரும்புக்கை பொருத்துகிறார்கள். பிறகு ஒருநாள் உயர் அழுத்த மின்சாரம் பாய, உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது.

முதல் கேள்வி சட்டையைப் பற்றியது. மின்சாரம் பாய்ந்தது உடலில். கூடவே சட்டை, கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் எப்படி மறைந்தன? பருத்தியும் தோலும் மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை. நன்றாகக் கடத்துவது இரும்பு. மின்சாரமே அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அது மட்டும் மறையவில்லை! எச். ஜி. வெல்ஸ் 1897-லேயே தன் நாவலில் இதை யோசித்து வைத்திருந்தார். அவருடைய கிரிஃபின் மறைந்து நடமாட வேண்டுமென்றால் லண்டனின் ஜனவரிக் குளிரில் நிர்வாணமாகப் போயாக வேண்டும். தின்ற உணவு செரிக்கும்வரை வயிற்றில் வெளியே தெரியும். சோதனைக்கு எடுத்த பூனையில்கூட நகமும் விழியின் பின்புறப் பூச்சும் மறையாமல் நின்றுவிடும்.

விழி என்றதும் அடுத்த கேள்வி. பார்வை என்பது விழித்திரை ஒளியை உறிஞ்சுவதால் வருவது. ஒளி முழுக்க ஊடுருவிப் போகும் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. மாயாவி மறைந்த கணமே குருடாகித் தடுமாற வேண்டும். அவனோ குறி தவறாமல் குத்துகிறான். எதிரிகளும் சளைத்தவர்கள் இல்லை. மிதக்கும் கையைப் பார்த்து அலறுகிறார்களே ஒழிய, கைக்குப் பின்னால் ஓர் உடல் இருந்தாக வேண்டும், முழங்கைக்கு அப்பால் குறி வைப்போம் என்ற எண்ணம் அவர்களுக்கு வருவதேயில்லை.

இவ்வளவும் நியாயமான கேலி. ஆனால் இவற்றை வைத்துக் கதையைத் தள்ளிவிட முடியாது. மதுரையில் ஆவணி மாதம் புட்டுத் திருவிழா பார்க்கிற கூட்டம், பாண்டியன் ஒரு கூலியாளின் முதுகில் போட்ட பிரம்படி எல்லார் முதுகிலும் எப்படி விழுந்தது என்று கேட்பதில்லை. அற்புதத்தை ஒப்புக்கொண்டுதான் கதை கேட்க உட்காருகிறார்கள். அந்த அடி பாண்டியன் முதுகுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தால்தான் கதை கெட்டிருக்கும். ஒரு கதை தானே போட்ட விதியைத் தான் காக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பௌதிகப் பாடம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கணக்கில் மறையாத கை ஓட்டையே இல்லை. கதைக்கு அதுதான் உயிர். முழுக்க மறைபவனுக்கு ஆபத்து இல்லை, ஆபத்து இல்லாதவனைப் பற்றிப் பக்கம் புரட்ட யாருக்கும் பதைப்பு வராது. பிளாஸ்கோவின் கனத்த கறுப்பு நிழல்களுக்கு நடுவே, கட்டத்தில் அந்தக் கை மட்டும் தெரியும்போது, அது எங்கே போகிறது என்ற கவலைதான் வாசகனுக்கு வருகிறது. சட்டை நினைவுக்கே வருவதில்லை.

மறைவு தீர்ந்தபின் மறுபடி மறைய அவனுக்கு மறுபடி மின்சாரம் பாய வேண்டும். அதற்கு வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு மின்கம்பி கிடைப்பதும், மறைவு தீரும் நேரம் கதைக்கு ஏற்ற மாதிரி நீள்வதும் சுருங்குவதும் வேறு வகைக் குறை. வாரத்துக்குச் சில பக்கங்கள், ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் தொங்கவிட வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் பிறந்தது. ஏழு நாள் இடைவெளியில் லண்டன் பையன் போன வாரத்துக் கம்பியை மறந்திருப்பான். நம் பையன்கள் முழுக் கதையையும் ஒரே புத்தகமாக, ஒரே மதியத்தில் படித்தார்கள். ஐந்தாவது கம்பி அவர்கள் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? தமிழ் வாசகன் இதில் கூடுதலாகக் கேலி செய்வதற்கு வெளியீட்டு முறையும் ஒரு காரணம்.

எனக்குப் பொறுக்காத ஓட்டை கிராண்டலின் மனத்தில் இருக்கிறது. முதல் கதையில் அவன் வில்லன். திருடுகிறான், ஊரை மிரட்டுகிறான். விபத்து அவன் புத்தியைத் திரித்துவிட்டது என்று கதை சமாதானம் சொல்கிறது. சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானால் பின்னால் வரும் கதைகளில் நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஆளாக அவன் வேண்டுமென்றே வாங்கிக்கொள்ளும் மின்னதிர்ச்சி ஒவ்வொன்றும் அந்தப் பழைய பித்தைக் கொஞ்சமாவது கிளற வேண்டாமா? கிளறுவதில்லை. மறைவதற்குக் கொடுத்த விலை தள்ளுபடியாகிவிட்டது. பதிலுக்கு விரலில் துப்பாக்கி, விரலில் வாயு, உள்ளங்கைக்குள் வானொலி. தன்னையே கண்டு பயப்பட வேண்டிய மனிதன் ஒரு கருவிப்பெட்டியைச் சுமப்பவனாக ஆகிவிட்டான். கதை தன் விதியை மீறியது இங்கேதான்.

லயன் காமிக்ஸில் 1984 முதல் நம்மிடம் வந்த ஸ்பைடரோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்தத் தொடரில் நிறைய எழுதியவர். ஸ்பைடரும் குற்றவாளியாகத் தொடங்கி மனம் மாறியவன்தான். அவன் கதைகளில் தர்க்கம் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் அவன் தற்பெருமை மாறவில்லை. குற்றச் சக்கரவர்த்தியாக இருந்தபோது இருந்த அதே திமிரோடுதான் நல்லது செய்கிறான். அந்த ஒரு விஷயத்தில் ஸ்பைடர் மாயாவியைவிட நேர்மையான படைப்பு. ஓவியத்தில் பிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் வர அந்தத் தொடரால் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே முதல் கதையை எந்தக் கூச்சமும் இல்லாமல் நல்ல கதை என்பேன்; சட்டை, விழித்திரை எல்லாம் சேர்த்தே. உளவாளிக் கதைகளைப் படங்களுக்காக மட்டும் திரும்பப் புரட்டலாம். இரண்டையும் ஒரே பெருமையில் கலந்து வைப்பது முதல் கதைக்குச் செய்யும் அநியாயம்.