டோர்னக்கலுக்குப் போன தமிழர்

வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டு உரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்துவிட்டீர்கள், இனி நட்பைக் கொடுங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்ட உரை. துணிச்சல்தான். ஆனாலும் கேட்டதை வைத்து அவரை எடைபோட எனக்குச் சம்மதமில்லை. அதிகாரம் கைக்கு வந்தபின் என்ன செய்தார் என்பதே கேள்வி.

வந்தது 1912-இல். வெள்ளாளன்விளைக்காரர் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இடம் நிஜாம் சமஸ்தானத்தில் தெலுங்கு பேசும் டோர்னக்கல். அசரியாவை அங்கே கொண்டுபோனது, 1903-இல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம். அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

திருமண்டலத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒதுக்கப்பட்ட சாதிகளின் கூலிகள். ஞானஸ்நானம் பெற்றவர் தன் தலைமேல் தானே கைவைத்து, நற்செய்தி சொல்லாவிட்டால் தனக்கு ஐயோ என்று உறுதி சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை ஊருக்கே சொல்ல வேண்டியவனாக்கிய காரியம் இது. எடின்பரோ உரையைவிட இதை நான் மேலாக வைக்கிறேன். 1939-இல் பிரதிஷ்டையான அவருடைய பேராலயத்தில் குவிமாடமும் மினார் போன்ற கோபுரமும் உண்டு. லண்டனைப் பார்த்துக் கட்டியதல்ல.

ஆள் சேர்த்துப் பலம் தேடினார் என்ற பழி அவர்மேல் உண்டு. மதமாற்றத்தில் காந்தியோடு அவருக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று வெளிப்படையாகவே எதிர்த்தவர் அவர். தலையெண்ணிக்கையை ஓட்டாக்க நினைக்கிறவன் செய்யும் வேலையா இது? பழி நிற்காது.

நிற்கும் குறை வேறு. 1945 ஜனவரி 1-இல் அவர் இறக்கும்வரை, ஆங்கிலிகன் திருமண்டலம் ஒன்றை ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. 32 ஆண்டுகள்! ஒருவரை மேடையேற்றிக் காட்டிவிட்டுச் சபை கதவைச் சாத்திக்கொண்டது. முதல் பொறுப்பு சபையுடையது. ஆனால் எடின்பரோவில் அவ்வளவு பேசியவர், தனக்குப் பின்னால் இன்னொருவரை ஏற்றச் சொல்லி அதே குரலில் சண்டை போட்டிருக்கலாம். பேராயராக அவர் தேறினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எடின்பரோவில் பேசிய இளைஞரின் அளவுகோலில் மதிப்பெண் குறைகிறது. 1919-இல் தரங்கம்பாடியில் அவர் முன்நின்று தொடங்கிய சபைகளின் ஒன்றிப்புப் பேச்சு 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையானதையும் அவர் கணக்கில் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.