மால்குடி டேஸ்: ஏட்டிலும் திரையிலும்

அன்றாட வாழ்வின் சிறு நிகழ்வுகளையன்றி வேறொன்றையும் பொருளாகக் கொள்ளாத கதைகளுக்கு யப்பானியர் தம் சித்திரக்கதை மரபில் தனியிடம் அளித்துள்ளனர். ஹசெகாவா மச்சிகோ என்னும் பெண் ஓவியர் 1946 முதல் 1974 வரை வரைந்த 'சசாயே சான்' பத்திரிகைத் தொடர் ஒரு சாதாரணக் குடும்பத்தின் சமையலறையையும் கடைத்தெருவையும் தாண்டி அதிகம் செல்வதில்லை. 1969 இல் தொலைக்காட்சிக்கு வந்த அதன் அசைவோவிய வடிவம் இன்றும் ஒளிபரப்பாகின்றது. நமது பக்கத்தில் இதற்கு நெருங்கிய உதாரணத்தைத் தேடுவோர் ஆர். கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' தொகுதியிடமும், அதனைத் தழுவிச் சங்கர் நாக் நெறிப்படுத்தி 1986 இல் தூரதர்ஷனில் வெளிவந்த தொடரிடமுமே வந்து சேர்வர். நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் தொடரின் முகப்பை அலங்கரித்தமையால் சித்திரத்தின் உறவும் இதற்கு உண்டு.

நாராயண் 1906 இல் சென்னையிற் பிறந்தவர். வாழ்வின் பெரும்பகுதியை மைசூரிற் கழித்தவர். அவர் படைத்த மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத தென்னிந்தியச் சிற்றூர். இக்கதைகளிற் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை என்பர். அது உண்மையா என்பதை ஒரு கதையைக் கொண்டு நோக்கலாம்.

'மாதம் நாற்பத்தைந்து' எனப் பொருள்படும் தலைப்பினையுடைய கதையில் வெங்கட்ராவ் என்ற எழுதுவினைஞர் தம் சிறுமகள் சாந்தாவை அன்று மாலை படம் பார்க்க அழைத்துச் செல்வதாக வாக்களிக்கிறார். குழந்தை பள்ளியிலிருந்து ஓடிவந்து, உடையணிந்து, காத்திருக்கிறது. அலுவலகத்தில் மேலதிகாரி விடுவதாயில்லை. நாற்பது ரூபாவிற்குத் தம் உடலையும் உயிரையும் விற்றுவிட்டோமா என்று கொதித்து அவர் விலகற் கடிதமும் எழுதிவிடுகிறார். அவ்வேளையிலேதான் ஐந்து ரூபா ஊதிய உயர்வுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்ட செய்தி வருகிறது. கடிதம் சட்டைப்பைக்குத் திரும்புகிறது. இரவு வீடு வந்தபோது குழந்தை அதே உடையுடன் உறங்கிப் போயிருக்கிறது.

இதில் என்ன நடந்தது? ஒரு குழந்தை படம் பார்க்கவில்லை, அவ்வளவே. ஆயினும் ஒரு மனிதனின் மாலைப்பொழுதுகள் அனைத்தும் ஐந்து ரூபாவுக்கு விலைபோனதை ஆசிரியர் ஒரு கண்டன வார்த்தையும் கூறாது காட்டிவிடுகிறார். மாவனல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களை அறிந்த எவருக்கும் இக்கணக்கு புதிதன்று. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டபோது அது பல்லாண்டுப் போராட்டத்தின் பயனாகவே வந்தது. வெங்கட்ராவிற்கோ உயர்வு கேளாமலே வந்து வாயை அடைத்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உயர்வு வந்த இரவில் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பதை மேடையும் துண்டுப்பிரசுரமும் சொல்லமாட்டா. அதற்குக் கதை வேண்டும். நாராயணின் உலகு வரலாற்றுக்குப் புறம்பானது என்ற கருத்துப்பட நைபால் 1977 இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நமது முற்போக்கு விமர்சகர் சிலரும் அவ்வாறே கருதக்கூடும். இக்கதையை வைத்துக்கொண்டு அத்தீர்ப்பை ஏற்பது கடினம்.

இனித் திரைக்கு வருவோம். சிறுவர் கதைகளிற் சங்கர் நாக் பெற்ற வெற்றி ஐயத்திற்கிடமற்றது. தந்தையின் சவாலால் அலுவலக அறையிற் தனித்துறங்கி, நடுக்கத்திற் திருடனின் காலைக் கடித்து வீரனாகிவிடும் சுவாமியின் அச்சம், சிறுவன் மஞ்சுநாத்தின் கண்களிலேயே இருக்கிறது. கிரீஷ் கர்னாட்டின் தந்தைப் பாத்திரமோ குரலை உயர்த்தாமலே அச்சுறுத்துகிறது. உணர்ச்சி முகத்தில் எழுதப்படும் இடங்களில் கமெரா எழுத்தை வென்றுவிடுகிறது.

மௌனமே கதையாகும் இடத்தில் நிலைமை வேறு. தபாற்சேவகர் தானப்பா, ராமானுஜத்தின் மகள் காமாட்சியின் திருமணம் தடைப்படாதிருக்க, சேலத்திலிருந்து வந்த மரணச் செய்தியை மறைத்து வைத்துத் திருமணம் முடிந்த பின்னரே கொடுக்கிறார். ஏட்டில் அதுவரை வாசகருக்கும் இது தெரியாது. தெரிந்தபின் கதையைத் திரும்ப வாசிக்கவேண்டியுள்ளது. பார்வையாளனுக்கு அவ்வாறு திரும்பும் வசதி குறைவு.

எனது முதன்மையான மனக்குறை வேறொன்று. தொடர் மேற்குமலைச் சாரலின் ஆகும்பேயிற் படமாக்கப்பட்டது. ஓட்டுவீடுகளும் ஈரம் தோய்ந்த பச்சையும் எல். வைத்தியநாதனின் இன்னிசையும் சேர்ந்து, பார்ப்போர் நெஞ்சில் இழந்துபோன ஓர் ஊருக்கான ஏக்கத்தை ஊட்டிவிடுகின்றன. நாராயணிடம் அத்தகைய ஏக்கம் அரிது. அவரது நகைச்சுவைக்குள் ஒரு சிறு கத்தி எப்பொழுதும் உண்டு. அந்தக் கத்தியைத் தொடர் பல இடங்களிற் பட்டுத்துணியிற் சுற்றிவிடுகிறது. (மழைநாளில் பால்வெட்டு நின்று அன்றைய பேர் போய்விடும் ஊரிலிருந்து பார்ப்பவனுக்குப் பச்சை அத்தனை இனிமையாகத் தோன்றாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) மொழியும் ஒரு திரைதான். காமாட்சியும் ராமானுஜமும் ஏட்டில் ஆங்கிலத்திலும் திரையில் இந்தியிலும் பேசுகின்றனர். சேலத்து உறவினருடன் அவர்கள் பேசியிருக்கக்கூடிய மொழி இரண்டிலும் இல்லை.

சங்கர் நாக் 1990 இல் தமது 35 ஆவது வயதில் வீதி விபத்தில் மறைந்தார். 2006 இல் கவிதா லங்கேஷ் தொடரை மேலும் நீட்டினார்.

மலையகத்திலும் ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர் இருந்தார். சி. வி. வேலுப்பிள்ளை 1970 இல் வெளியிட்ட 'போர்ன் டு லேபர்' தோட்டத்து மனிதரைப் பற்றிய உரைச்சித்திரங்களின் தொகுதி. அதனைத் திரைக்கு எடுப்பவர் மலையின் பனியையும் கொழுந்தின் பச்சையையும் முதலில் விலக்கிவைத்துவிட்டு, அரைப்பேர் விழுந்த நாளில் லயத்துக்குத் திரும்பும் ஒரு தாய் பிள்ளையிடம் என்ன பொய் சொல்கிறாள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அதையும் அவள் பேசும் தமிழிலேயே.