குடியானவர் ஆசிரியரான கதை

வகுப்பறைக்கு வெளியே பாடம் சொல்ல வேண்டுமெனப் பேசாத கல்விமான் இக்காலத்தில் இல்லை. அவ்வாறு நடந்த பள்ளியை உள்ளிருந்து காட்டும் நூல்களோ சில. அவற்றுள் ஒன்று, ஜப்பானிய அம்மையார் தெட்சுகோ குரோயானாகி தம் பள்ளிப் பருவத்தை நினைந்தெழுதி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ சான்’. நேஷனல் புக் டிரஸ்டாரின் தமிழாக்கமும் உளது. தோட்டத்துப் பெற்றோரும் பட்டணத்து ஆசிரியரும் இதனைப் படித்தல் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போற்றுதல் வேண்டா.

சொசாகு கோபயாஷி என்னும் தலைமையாசிரியர் 1937-இல் தோக்கியோவில் நிறுவிய தோமோயே பள்ளியே கதைக்களம். பழைய ரயில் பெட்டிகளே வகுப்புகள். மாணவர் ஏறக்குறைய ஐம்பதின்மர். காலைப் பாடம் முடிந்தால் பிற்பகல் உலாவச் செல்வர். வழியில் மஞ்சள் மலர்க்கொல்லையருகே நின்று, ஆசிரியை மகரந்தத்தையும் சூலகத்தையும் காட்டுவார். விளையாட்டென்று எண்ணியே பிள்ளைகள் கற்றுவிடுகின்றனர்.

பலரும் புகழ்வது இப்பகுதியை. நூலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறதென்பேன். ஒருநாள் கோபயாஷி, அயலில் உழைக்கும் குடியானவரை அழைத்துவந்து, இவரே உழவுக்கு ஆசிரியர் என்று மாணவர்முன் நிறுத்துகிறார். களை ஏன் பறிக்கவேண்டும், அது பயிரின் உணவைக் கவர்ந்து பூச்சிக்குப் புகலிடமாவது எவ்வாறு என்பதையெல்லாம் அவர் கையால் செய்துகொண்டே விளக்குகிறார்.

நம் தோட்டத்துப் பிள்ளைக்கு வெயிலும் மண்ணும் புதியன அல்ல. பால்வாளி சுமந்து அவற்றை அறிந்தனர் முன்னோர். அதனாலன்றோ, “வெயிலில் நிறுத்தவா பள்ளிக்கு அனுப்பினேன்?” என்று தாய் கேட்கிறாள்! அவ்வினா நியாயமானதே. மேசையும் நாற்காலியும் அவளுக்கு விடுதலையின் அடையாளங்கள். அவளுக்கு விடையளிப்பது மலர்க்கொல்லையன்று, குடியானவர்தான். பால்மரத்தை விடியுமுன் சீவுவது ஏன், கத்தி எவ்வளவு ஆழம் போனால் மரம் காயமுறும் என்பவற்றை அறிந்த பாட்டனாரைப் பள்ளி வாயிலுக்குள் அழைத்து, “ஐயா, வாருங்கள்” என்று சொல்லும் தலைமையாசிரியர் நம்மிடை எத்துணை பேர்?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884-இல் அமைந்த தாவரத் தோட்டம் இருக்கிறது. கொடிமலைக் காடு 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அடிமரத்திலேயே பூக்கும் நாகலிங்க மரத்தின்கீழ் அரைமணி நேரம் அமர்ந்தால், மகரந்தப் பாடம் தானே நடக்கும். பேருந்தில் ஏற்றி, தலைகளை எண்ணி, படம் பிடித்து, பொட்டலச் சோறு தந்து திரும்புவது உல்லாசப் பயணமேயன்றிக் கல்வியன்று.

நூலுக்குக் குறைகளும் உண்டு. நன்றிமிக்க மாணவியின் பார்வையில் கோபயாஷி குறையற்றவராகவே தோன்றுகிறார். ஐம்பது பேர் கொண்ட தனியார் பள்ளியில் இயன்றது, ஒரே வகுப்பில் முப்பத்தைந்து பேரை வைத்திருக்கும் ஆசிரியைக்கு எவ்வாறு இயலும்? பிள்ளை எவ்வளவு கற்றதென்று அவர் எங்ஙனம் அறிந்தார்? அம்மையார் சொல்லவில்லை. ஆசிரியர்கள் முதலில் தேடுவது அதுவே.

1945-இல் விமானக் குண்டுகளால் பள்ளி எரிந்தது. தீயைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எத்தகைய பள்ளி கட்டலாமென்று கோபயாஷி தம் மகனைக் கேட்டதாக நூல் கூறுகிறது. அத்தகைய தொடக்கப்பள்ளியை மீண்டும் எழுப்பாமலே அவர் 1963-இல் காலமானார்.