கதவில் கோளாறு, கண்ணாடிக்குச் சிலிக்கான்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நேரத்து மழையில் என் காரின் முன்பக்க இடது காலடியில் தண்ணி தேங்கியது. முந்தின வாரம்தான் அந்தப் பக்கக் கதவைப் பிரித்து கண்ணாடி மோட்டாரை மாற்றியிருந்தார்கள். திரும்பக் கொண்டுபோனால், கதவைத் தொடவே இல்லை. "முன் கண்ணாடி லீக்கா இருக்கும், சிலிக்கான் அடிச்சிருவோம்" என்றார்கள். இரண்டு முறை அடித்தும் ஈரம் போகல.

கைத்திறனில் குறையில்லை. "கடைசியா எதைப் பிரிச்சோம்?" என்று கேட்காததுதான் குறை.

கதவுக்குள் மழைத்தண்ணி இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளை வழியே வெளியேறிவிடும். அது காருக்குள் வராமல் தடுப்பது, உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். அதை அரைகுறையாக ஒட்டினால் தண்ணி உள்ளேதான் வரும். சிலிக்கான் அடித்துத் துளையும் அடைபட்டால் இன்னும் மோசம்.

சோதிப்பது எளிது. தரையைக் காயவைத்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரணும். இன்னொருவர் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாகத் தண்ணி விடணும். மழையில்லாத நாளில் ஏசி ஓடும்போது நனைந்தால், ஏசி வடிகுழாய் அடைப்பைச் சந்தேகிக்கலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட்.

என் காரில் கதவுக்குத் தண்ணி விட்டதுமே தெரிந்துவிட்டது: தாளின் கீழ் விளிம்பு பிரிந்திருந்தது. பியூட்டைல் டேப்பால் ஒட்டியதும் நின்றது.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கார்ப்பெட்டுக்கு அடியில் வயரும் தகரமும் கிடக்கிறது. பூசுவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்க.